அடையாளம், நம்பிக்கை, சரீரம்: விசுவாச வாழ்வில் வரிசை மாறுவதால் வரும் தவறுகள்

பவுல் எபேசியருக்கு எழுதின நிருபத்தில் மொத்தம் 6 அதிகாரங்கள். முதல் மூன்றையும் நிதானமாக வாசித்துப் பாருங்கள். "இதைச் செய், அதைச் செய்யாதே" என்ற பேச்சே அநேகமாக இருக்காது. கிரேக்க மூலத்தில் அங்கே வருகிற ஒரே கட்டளை "நினைத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் (2:11). தெரிந்துகொள்ளப்பட்டீர்கள், மீட்கப்பட்டீர்கள், தூரமாயிருந்தவர்கள் சமீபமானீர்கள் என்று தேவன் செய்து முடித்ததையே பவுல் சொல்லிக்கொண்டு போகிறார். நான்காம் அதிகாரம் "ஆதலால்" என்று தொடங்குகிறது. பொய்யை விடுங்கள், திருடாதிருங்கள், கசப்பை நீக்குங்கள் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் வருகின்றன.

விசுவாசிகள் சறுக்கும் இடங்களில் பெரும்பாலானவை இந்த வரிசை தலைகீழாகும் இடங்கள். நான் யாருடையவன் என்பது முதலில் தீர்ந்திருக்க வேண்டும். அதிலிருந்து நம்பிக்கை பிறக்கும், நம்பிக்கையிலிருந்து சரீரத்தைப் பேணும் விதம் வரும். இது மாறிவிட்டால் ஜெபம் கூலி வேலையாகிவிடும், உபவாசம் பேரமாகிவிடும், நோய் வந்தால் அதுவே தேவன் தந்த மதிப்பெண் பட்டியல்போலத் தோன்றும்.

உழைத்துப் பெறும் பெயராக எண்ணுவது

இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்ற சத்தம் வானத்திலிருந்து வந்தது (மத்தேயு 3:17). அதுவரை அவர் செய்த ஒரு அற்புதமோ ஒரு பிரசங்கமோகூட மத்தேயுவில் பதிவாகவில்லை. அடுத்த அதிகாரத்தில் சோதனைக்காரன் வந்து முதலில் கை வைப்பதும் அதே இடத்தில்தான்: "நீர் தேவனுடைய குமாரனேயானால்" கல்லை அப்பமாக்கிக் காட்டும் என்கிறான். சொல்லப்பட்டுவிட்ட ஒன்றை நிரூபிக்கச் சொல்கிறான். இயேசு நிரூபிக்கவில்லை. எழுதியிருக்கிறதைச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

ஊழியத்தில் மும்முரமாக இருப்பவர்களுக்கு இந்த வலை மிக அருகில் இருக்கிறது. அனுப்பப்பட்ட எழுபதுபேர் பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்று சந்தோஷத்தோடு திரும்பி வந்தார்கள். அதற்காகச் சந்தோஷப்படாமல், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார் இயேசு (லூக்கா 10:20). இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, ஜெபக்குழுத் தலைமை என்று எந்தப் பொறுப்பு இருந்தாலும் ஆறு வாரம் வேறொருவரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா வந்து உட்காருங்கள். அந்த வாரங்களில் ஜெபமே ஓடவில்லை, நாம் யாருமில்லை என்று தோன்றினால், அடையாளம் பொறுப்பின்மேல் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

எதிர்த் திசையிலும் தவறு உண்டு. விழுந்ததையே பெயராக வைத்துக்கொள்வது அது. கொரிந்து சபையில் பிரிவினை, வழக்கு, வேசித்தனம், இராப்போஜனத்தில் குடிவெறி எல்லாம் இருந்தன. அவர்களுக்குப் பவுல் எழுதும் கடிதத்தின் இரண்டாம் வசனத்திலேயே "பரிசுத்தவான்கள்" என்று அழைக்கிறார், கண்டிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே பாவ அறிக்கை செய்யும்போது "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று பொதுப்படையாகப் புலம்ப வேண்டாம், அது தாழ்மைபோலத் தெரிந்தாலும் செய்த தவறைத் தொடுவதே இல்லை. செய்ததை அதன் பெயரால் சொல்லுங்கள்: "இன்று காலை இன்னாரிடம் பொய் சொன்னேன்." அன்றைக்கே சொல்லுங்கள். திரும்பத் திரும்ப விழும் பாவமானால், வாயைக் காக்கக்கூடிய முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் அறிக்கையிடுங்கள் (யாக்கோபு 5:16). ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் பேசுவது பாதுகாப்பு.

விசுவாசத்தை அளந்து பார்ப்பது

"உனக்கு விசுவாசம் போதவில்லை" என்பதைப்போலக் காயப்படுத்தும் வார்த்தை சபையில் குறைவு. மகனைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறினான் (மாற்கு 9:24). பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம். பையன் குணமானான். கடுகுவிதை அளவு போதும் என்று இயேசு சொன்னதன் பொருளும் அதுவே. எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதல்ல, யாரைப் பிடித்திருக்கிறோம் என்பதே கணக்கு.

துக்கத்தை மறைப்பதும் விசுவாசமல்ல. 13-ஆம் சங்கீதத்துக்கு ஆறே வசனங்கள். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற முறையீடு நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டில் கேட்டருளும் என்ற விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. அழும்போது இந்த வரிசையையே ஜெபத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு பகுதிக்கும் சொந்த வார்த்தையில் இரண்டு வரி போதும். கடைசிப் பகுதி வரவே மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது.

அடுத்த தவறு, நம்பிக்கை என்ற பெயரில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது. எருசலேமின் அலங்கத்தைக் கட்டின நெகேமியா எதிரிகளைக் கண்டு ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் ஜாமக்காரரையும் (காவலாளரையும்) நிறுத்தினார், இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன (4:9). தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்லி 91-ஆம் சங்கீதத்தையே சாத்தான் காட்டியபோது, தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று இயேசு மறுத்தார். வருமானத்துக்கு மிஞ்சின கடனை "விசுவாசத்தில்" வாங்குவது, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தால் திருமணத்தை முடிவு செய்வது எல்லாம் அந்த உப்பரிகையின் விளிம்புதான். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவரும் இயேசுவே (லூக்கா 14:28).

கவலை அழுத்தும்போது ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் இந்த வாரம் உங்கள் கையால் செய்யக்கூடியவற்றை எழுதி, எதிரே தேதியும் போடுங்கள். வலப்பக்கம் உங்கள் கையில் இல்லாதவை. இடப்பக்கத்தைச் செய்யுங்கள், வலப்பக்கத்தை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். கூடவே ஏற்கெனவே பெற்ற ஒன்றுக்கு நன்றி சொல்லுங்கள். பிலிப்பியர் 4:6-இல் விண்ணப்பத்தோடு ஸ்தோத்திரமும் சேர்ந்தே வருகிறது. பலர் தடுமாறுவது எங்கே தெரியுமா? இடப்பக்கத்தில் இருக்க வேண்டியதை வலப்பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். ஒரு மன்னிப்புக் கேட்பதற்கு மாதக்கணக்கில் ஜெபம் தேவையில்லை.

மாம்சத்தைச் சரீரம் என்று வாசிப்பது

இது தமிழில் வாசிப்பவர்களுக்கே உரிய சிக்கல். நம் அன்றாடப் பேச்சில் மாம்சம் என்றால் உடலின் சதை. ஆகவே "மாம்சத்தின் கிரியைகள்" என்று படித்ததும் உடல்தான் எதிரி என்று மனது தீர்மானித்துவிடுகிறது. பட்டியலைக் கவனியுங்கள் (கலாத்தியர் 5:19-21): வேசித்தனம், வெறிகள் மட்டுமல்ல, பகை, பொறாமை, கோபம், பிரிவினை ஆகியவையும் அதே வரிசையில் நிற்கின்றன. பொறாமைப்பட உடல் எதற்கு? பவுல் அங்கே மாம்சம் என்பது தேவனை விட்டுத் தன்னையே மையமாக வைத்து வாழும் போக்கை. சரீரத்துக்குக் கிரேக்கத்தில் வேறு சொல், தமிழிலும் வேறு சொல். அந்தச் சரீரத்தைத்தான் ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார் (ரோமர் 12:1). உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களுக்கு முன்பாகப் பொரித்த மீனை வாங்கிச் சாப்பிட்டார் என்றால், சரீரம் கழற்றி எறியும் சட்டை அல்ல.

"என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன்" என்ற வசனம் குறுக்கே வரும் (1 கொரிந்தியர் 9:27). அது ஓட்டப்பந்தய வீரனின் பேச்சு. பயிற்சி எடுக்கிறவன் காலை உடைத்துக்கொள்வதில்லை. தன்னை வதைக்கும் சரீர ஒடுக்கம் ஞானம்போலத் தோன்றுமே தவிர பயனற்றது என்று கொலோசெயர் 2:23 நேராகவே சொல்லிவிடுகிறது.

இன்னொரு புறம், "உங்கள் சரீரம் ஆலயம்" என்ற வசனத்தை எடுத்துப் பிறர் எடையைக் குத்திக்காட்டுவது. 1 கொரிந்தியர் 6-இல் பேச்சு வேசித்தனத்தைப் பற்றியது, இடுப்பளவைப் பற்றியதல்ல. கிரயத்துக்குக் கொள்ளப்பட்டதால் அது ஆலயம். படுக்கையில் கிடப்பவரின் சரீரமும் ஊனமுற்றவரின் சரீரமும் அதே அளவுக்கு ஆலயந்தான்.

களைப்பை ஆவிக்குரிய தோல்வி என்று கருதுவது

1 இராஜாக்கள் 19-ஐ மெதுவாக வாசியுங்கள். எலியா ஓடிவந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். படுத்துத் தூங்கிவிடுகிறான். தூதன் வந்து கண்டிக்கவில்லை, வசனமும் சொல்லவில்லை. தட்டியெழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறான். இரண்டாம் முறை தட்டி எழுப்பும்போது சொல்லப்படும் காரணம், நீ போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்பது. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி இரண்டு தூக்கமும் இரண்டு வேளை உணவும் நாற்பது நாள் நடையும் முடிந்த பிறகே வருகிறது.

வளர்ந்தவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதிகாலை 4 மணி ஜெபம் என்று தீர்மானித்தால் 9 மணிக்கே படுத்தாக வேண்டும். படுக்கும் நேரத்தை மாற்றாமல் எழும் நேரத்தை மட்டும் மாற்றினால், இரண்டாம் வாரத்தில் ஜெபத்தில் தூக்கமும் வீட்டில் எரிச்சலும் மிஞ்சும். வாரத்துக்கு 150 நிமிட வேகநடை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு. நாளுக்கு 30 நிமிடம், ஐந்து நாள். வாரத்தில் ஒரு நாள் ஊழிய வேலைக்கும் விடுப்பு கொடுங்கள்.

மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே அழைத்துப்போக வேண்டும், தனியே விட்டுவரக் கூடாது. ஜெபியுங்கள், ஆனால் ஜெபித்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

உபவாசத்திலும் மருந்திலும் செய்யும் ஆபத்தான தவறுகள்

முதல் முறை உபவாசிப்பவர் ஒருவேளை உணவை விடுவதில் தொடங்கலாம். பழகினபின் சாயங்காலம் தொடங்கி மறுநாள் சாயங்காலம் வரை. தண்ணீரை நிறுத்த வேண்டாம். காபி பழக்கம் உள்ளவருக்கு நிறுத்தின 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி வரும், அதைச் சாத்தானின் போராட்டம் என்று எண்ணிவிடுவார்கள். சில நாள் முன்பே காபியைக் குறைத்துவந்தால் போதும். முடிக்கும்போது வயிறு நிரம்ப உண்ணாமல் கஞ்சி, பழம் என்று தொடங்குங்கள். ஐந்து நாளுக்கு மேல் அநேகமாக எதுவும் உண்ணாமல் இருந்தவர் திடீரென்று நிறையச் சாப்பிட்டால், இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் வேகமாகச் சரிந்து இதயத்துடிப்பே தடுமாறலாம். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் அத்தனை நாள் வேண்டாம்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுபிள்ளைகள், உணவு மறுப்பு நோயிலிருந்து மீண்டவர்கள் உணவை விட வேண்டாம். செல்போனையோ பொழுதுபோக்கையோ விடலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் வழக்கமான அளவு மருந்தோடு பட்டினி கிடந்தால் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தாலோ, இரத்தச் சர்க்கரை அளவு 70-க்கு (மி.கி./டெ.லி.) கீழே காட்டினாலோ, உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். அன்றைய உபவாசம் அதோடு முடிந்தது. அதில் பாவம் ஒன்றுமில்லை.

"சுகமாகிவிட்டேன், மாத்திரை வேண்டாம்" என்று தானாக நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. முதல் வகை நீரிழிவில் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தம் அமிலமாகி நினைவு தப்பலாம். வலிப்பு மருந்தைச் சட்டென்று விட்டால் நிற்காத வலிப்பு வரலாம். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் உடல் தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும், நிறுத்தினதும் இரத்த அழுத்தம் விழும். குஷ்டரோகியைச் சுகமாக்கின இயேசு, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றார் (மத்தேயு 8:4). அது லேவியராகமம் 14-இன் முறை: ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே வந்து பார்த்துச் சோதிப்பான். சுகமானவன் அதன் பிறகும் ஏழு நாள் தன் கூடாரத்துக்குப் புறம்பே தங்க வேண்டும். பரிசோதனைக்குப் போவதில் அவிசுவாசம் இல்லை. சுகம் உண்மையானால் பரிசோதனையிலும் தெரியும், மருந்தைக் குறைப்பதை மருத்துவர் செய்வார்.

எசேக்கியா ராஜாவுக்கு உன்னைக் குணமாக்குவேன், 15 வருஷம் கூட்டுவேன் என்று வாக்கு வந்த பிறகும் பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போட்டார்கள் (2 இராஜாக்கள் 20:5-7). அடிக்கடி பலவீனப்பட்ட தீமோத்தேயுவுக்குப் பவுல் கைவைத்தியம் சொன்னார், உடன் பயணித்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாகவே மிலேத்து ஊரில் விட்டுவந்தார். அவருடன் பயணித்த லூக்கா வைத்தியர்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். யாக்கோபு 5:14-இல் மூப்பர்களை அழைப்பவர் வியாதிப்பட்டவரே, அவர்கள் வலியப் போய் விசாரணை நடத்துவதில்லை. "ஏதாவது அறிக்கையிடாத பாவம் உண்டா" என்று தொடங்க வேண்டாம். பிறவிக் குருடனைக் குறித்து இது யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களுக்கு, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு பதில் சொல்லியாயிற்று (யோவான் 9:3). போகும் முன் நேரம் கேளுங்கள். கையைக் கழுவுங்கள். உட்கார்ந்து பேசுங்கள், 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஜெபிக்கலாமா, எதற்காக ஜெபிக்கட்டும் என்று அவரையே கேளுங்கள். எழும்போது கூட இருந்து பார்த்துக்கொள்பவரிடம், நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அன்றிரவு அவருக்குப் பதில் அங்கே தங்க ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.