உங்கள் தெருப் பறவைகள் இரவில் எங்கே அடைகின்றன? கண்டுபிடிக்கும் வழி

பறவைகள் எங்கே தூங்கும் என்று கேட்டால் பலரும் கூட்டில் என்றுதான் சொல்கிறார்கள். கூடு பெரும்பாலும் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கத்தான். அந்தக் காலம் முடிந்ததும் காகம், மைனா, கொக்கு எல்லாம் கூட்டை விட்டுவிட்டுக் கிளைகளில் கூட்டமாக அடைந்துவிடும், கிளிகளும் அப்படித்தான். அந்த மரம் உங்கள் ஊரிலேயே இருக்கும், தேடிப் பாருங்கள்.

தேடலைக் காலையில் தொடங்குங்கள். எந்த மரத்தடியில் தரையும் நிறுத்திவைத்த வண்டிகளும் வெள்ளை எச்சமாக இருக்கின்றனவோ அதுதான் அடையும் மரம். அரச மரம், தூங்குமூஞ்சி மரம், பேருந்து நிலையத்து மரங்கள் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். மைனாக்களுக்குச் சத்தமும் விளக்கு வெளிச்சமும் ஒரு பொருட்டே இல்லை.

எச்சம் கண்ணில் படவில்லையா? சூரியன் மறைய முக்கால் மணி நேரம் இருக்கும்போது மொட்டை மாடிக்குப் போய், பறவைகள் எந்தத் திசைக்குப் போகின்றன என்று மட்டும் பாருங்கள். கிளிகள் கத்திக்கொண்டே வேகமாகப் போகும், உண்ணிக்கொக்குகள் வரிசையாகப் போகும். மறுநாள் அந்தத் திசையில் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம், அதற்கடுத்த நாள் இன்னும் தள்ளி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பல பறவைகள் நேராக மரத்துக்கு வராது, முதலில் செல்போன் கோபுரத்திலோ மின்கம்பியிலோ கூடிவிட்டு, இருட்டும் நேரத்தில்தான் உள்ளே இறங்கும், அதனால் முதலில் உட்காரும் இடத்தைப் பார்த்ததும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

மரம் கிடைத்ததா, சரி, இப்போது தள்ளி நின்று பாருங்கள். நேர் கீழே நின்றால் எச்சம் தலையில் விழும், பறவையும் தெரியாது. பைனாகுலர் இருந்தால் வெளிச்சம் போவதற்குள் தூங்கும் விதத்தையும் பார்த்துவிடலாம். பலரும் நினைப்பதுபோல் தலை இறக்கைக்கு அடியில் போவதில்லை. கழுத்தைப் பின்னால் திருப்பி அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொள்ளும். பல பறவைகள் ஒரு காலையும் வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொள்ளும், உடல் சூடு வீணாகாது. பஞ்சுருட்டான் என்ற சின்னப் பச்சைப் பறவைகள் ஒரே கிளையில் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!

குளத்தில் வாத்துக் கூட்டம் இருந்தால் ஓரத்தில் இருப்பவற்றின் கண்ணைப் பாருங்கள். வாத்துகளால் மூளையின் ஒரு பாதியைத் தூங்கவிட்டு மறுபாதியை விழிப்பில் வைத்திருக்க முடியும். வரிசையின் ஓரத்தில் இருக்கும் வாத்து, கூட்டத்துக்கு வெளிப்புறமாக உள்ள கண்ணைத் திறந்து வைத்தபடி தூங்குகிறது என்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கடலுக்கு மேல் நாள்கணக்கில் பறக்கும் கப்பற்பறவைகள் பறந்துகொண்டே சிறிது சிறிதாகத் தூங்குவதையும் பின்னால் பதிவு செய்திருக்கிறார்கள்.

எல்லாரும் அடையும் நேரத்தில் வக்கா என்ற இராக்கொக்கு மட்டும் “குவாக்” என்று குரல் கொடுத்தபடி இரை தேடக் கிளம்பும். கூகையும் புள்ளி ஆந்தையும் பகலில் தூங்குபவை. சின்னக் குருவிகள் ஒரு பொந்தைச் சுற்றிக் கூச்சல் போட்டால் உள்ளே ஆந்தை இருக்கலாம்.

இனி, செய்யவே கூடாதவை. இருட்டிய பிறகு டார்ச் அடிக்காதீர்கள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், கல் எறிந்து கிளப்பாதீர்கள். பகல் பறவைகளுக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, பதறிப் பறந்தால் கம்பியில் மோதிச் சாகும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை, பல பத்தாண்டுகளாக. நாம் அடையும் மரத்துக்குப் பக்கத்திலாவது வெடிக்காமல் இருக்கலாமே.

கிளை வெட்டியே ஆக வேண்டும் என்றால் பறவைகள் இரைக்குப் போயிருக்கும் பகலில் வெட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் கூடு, பொந்து இருக்கிறதா என்று அண்ணாந்து ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். குஞ்சு இருந்தால் அது பறந்து போகும்வரை வேலையைத் தள்ளிப் போடுங்கள்.