ஹாட் ராடு அதிர்ந்தால், ஆடினால், பாகத்தை மாற்றும் முன் அளவெடுங்கள்

எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் வண்டியின் தரை அதிர்கிறது, பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது, ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். வீட்டில் கட்டிய ஹாட் ராடு, அதாவது பழைய கார் வடிவத்தில் பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வண்டி, முதல் சில நாட்களில் இவற்றில் ஒன்றையாவது காட்டாமல் விடாது. கம்பெனி கட்டிய வண்டியில் சத்தம் வந்தால் ஏதோ தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நம் வண்டியில் என்ஜின் ஒரு வண்டியுடையது, கியர்பாக்ஸ் இன்னொன்றுடையது, பின் ஆக்சில் மூன்றாவது ஒன்றிலிருந்து கழற்றியது, சேசிஸ் 1932 ஃபோர்டின் நகல். எல்லாமே புதிதாக, நல்லதாக இருந்தும் வண்டி மோசமாக ஓடலாம், ஏனென்றால் தப்பு பெரும்பாலும் பாகத்தில் இருக்காது, அவை ஒன்றோடொன்று சேரும் கோணத்தில் இருக்கும். நான் கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலையும் இணைக்கும் ஷாஃப்டின் மூட்டான யு-ஜாயிண்டை இரண்டு தடவை மாற்றி, ஒரு தடவை ஷாஃப்டையே பேலன்ஸ் செய்து, அப்புறம்தான் கோணமானியைக் கையில் எடுத்தேன். பின் ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் தண்டு 5 டிகிரி மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

எந்த அளவு எடுப்பதாக இருந்தாலும் வண்டி அதன் நிற்கும் உயரத்தில் இருக்க வேண்டும். நான்கு டயரும் பாரம் தாங்க வேண்டும், காற்று சரியாக இருக்க வேண்டும், டேங்கில் பெட்ரோல், போனட், கண்ணாடி எல்லாம் அதனதன் இடத்தில், ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்கு மணல் மூட்டை. வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, இரு முனையையும் அமுக்கிவிட்டு, ஸ்பிரிங்குகள் அடங்கிய பிறகு அளவெடுங்கள். அடியில் போக வேண்டுமென்றால் நான்கு சக்கரத்தையும் ஒரே உயர மேடைகளில் ஏற்றுங்கள், அல்லது ஆக்சிலுக்கு நேர் கீழே ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒரு நிமிடம்கூட வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சேசிஸில் ஸ்டாண்டு வைத்து, ஆக்சில் தொங்கும் நிலையில் என்ஜினை ஓட்டி அதிர்வைத் தேடுவதும் வேண்டாம். ஆபத்து ஒரு பக்கம் இருக்க, அந்த நிலையில் எல்லாக் கோணமும் மாறிப்போயிருக்கும், கிடைக்கும் பதிலுக்கு அர்த்தமே இருக்காது.

சரி, அதிர்வு. முதல் கேள்வி, அது என்ஜின் சுற்றைத் தொடர்கிறதா, வண்டி வேகத்தைத் தொடர்கிறதா என்பது. நின்றபடி நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். அப்போதே வந்தால் என்ஜின், ஃப்ளைவீல், கன்வெர்ட்டர் (ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக இருப்பது), மவுண்ட் பக்கம் போங்கள். இல்லையென்றால் ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில் அதிர்வு வரும் வேகத்துக்குப் போய் நியூட்ரலுக்கு மாற்றி உருளவிடுங்கள். என்ஜின் ஐடிலுக்கு இறங்கியும் அதிர்வு அப்படியே இருந்தால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால். அங்கே சக்கரமா ஷாஃப்டா என்று பிரிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். டயரின் விட்டம் 64 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் ஓடும், ஆக 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 14 சுற்று. பின் ஆக்சில் விகிதம் 3.5 என்றால் ஷாஃப்ட் நொடிக்கு 48 சுற்று. யு-ஜாயிண்ட் கோணத் தப்பு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கும், அதாவது நொடிக்கு 97 தடவை. சக்கரக் கோளாறை உட்காரும் இடத்திலும் ஸ்டியரிங்கிலும் ஆட்டமாக உணர்வீர்கள். ஷாஃப்ட் கோளாறு தரை வழியாக உள்ளங்காலில் கூசும். கோணக் கோளாறு அதைவிட நெருக்கமாக, காதில் ஒரு ரீங்காரமாக வரும்.

கோணம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சாதாரண யு-ஜாயிண்ட் கோணத்தில் சுழலும்போது மறுபக்கம் ஒரே சீரான வேகத்தில் போகாது, ஒரு சுற்றில் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை தளரும். பின்னால் இருக்கும் ஜாயிண்ட் அதே கோணத்தில் இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே சமன் செய்துவிடும். அதனால் கியர்பாக்ஸின் வெளிவரும் ஷாஃப்டும் பினியனும் பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், ஒரே நேர்கோட்டில் அல்ல. டிஜிட்டல் கோணமானியை கியர்பாக்ஸ் பின்பக்கம், ஷாஃப்ட் குழாய், பினியன் யோக் (யு-ஜாயிண்டைப் பிடிக்கும் கவை) மூன்றிலும் வையுங்கள். அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசம்தான் அந்த ஜாயிண்ட் வேலை செய்யும் கோணம். ஒவ்வொன்றும் 1 முதல் 3 டிகிரிக்குள், இரண்டுக்கும் இடையே 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருந்தால் போதும். சுழியம் வரட்டும் என்று ஆசைப்படாதீர்கள். கொஞ்சம் கோணம் இருந்தால்தான் ஊசி பேரிங்குகள் உருளும், இல்லையென்றால் ஒரே இடத்தில் குத்திக் குழி விழும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் மூக்கைத் தூக்கும், அதனால் நிற்கும்போது இணையான நிலையைவிட ஓரிரு டிகிரி கீழே பார்க்க வைப்பது வழக்கம். திருத்துவதும் சுலபம்தான்: பட்டை வண்டியில் ஆப்புத் தகடு, நான்கு லிங்க் (ஆக்சிலை சேசிஸோடு பிடிக்கும் கம்பிகள்) வண்டியில் மேல் லிங்கின் நீளம், முன்பக்கம் கியர்பாக்ஸ் மவுண்டுக்கு அடியில் தகடு. மேலிருந்து பார்க்கும் கோணத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்டியரிங்குக்கு இடம்விட என்ஜினைச் சற்று ஓரம் தள்ளி வைத்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

அதோடு ஷாஃப்டின் இரு யோக்குகளும் ஒரே தளத்தில் வெல்டு ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள், கொஞ்சம் திரும்பியிருந்தாலும் மேலே சொன்னபடி ஏற்ற இறக்கம் சமன் ஆகாது. கியர்பாக்ஸுக்குள் போகும் ஸ்லிப் யோக் முழுதும் உள்ளே முட்டாமல் 20 முதல் 25 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். முட்டினால் ஒரு பெரிய பள்ளத்தில் கியர்பாக்ஸின் பின்பேரிங்தான் அந்த அடியை வாங்கும்.

'டங்' சத்தத்துக்குக் காரணம் எங்கோ இருக்கும் ஒரு இடைவெளி. என்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் இரு பக்கமும் திருப்புங்கள், இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்கட்டும். யு-ஜாயிண்ட், ஸ்லிப் யோக் நுழையும் பல்வரிசை (ஸ்ப்ளைன்), பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பல்சக்கரங்கள் என்று ஒவ்வொன்றாக வாருங்கள். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இடைவெளி வழக்கமானதுதான், அதைப் பார்த்துப் பயந்து பிரிக்க வேண்டாம். புது வண்டியில் முக்கால்வாசி நேரம் குற்றவாளி லிங்க் போல்ட் அல்லது பட்டையின் யு-போல்ட் தளர்ந்திருப்பதுதான். பழைய ஃபோர்டு அடித்தளத்தில் கட்டியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: 1948 வரை ஃபோர்டு கார்களில் ஷாஃப்டை மூடியபடி டார்க் டியூப் என்ற குழாய் இருந்தது, பின் ஆக்சில் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் விசையை அந்தக் குழாய்தான் தாங்கியது. அதைக் கழற்றித் திறந்த ஷாஃப்ட் போட்டால் அந்த வேலையைச் செய்ய லிங்க்கோ டார்க் ஆர்மோ இருந்தே ஆக வேண்டும். பின் ஆக்சிலைப் பிடிக்கும் பழைய ரேடியஸ் ராடுகளை மட்டும் விட்டுவைத்தால் அவை வளையும், பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் குதிக்கும்.

கியர்பாக்ஸ் பக்கம் மூன்று விஷயம். ஆட்டோமேட்டிக் மாட்டும்போது கன்வெர்ட்டர் முழுதாக உள்ளே உட்கார்ந்து, போல்ட் போடும் முன் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் (என்ஜின் பக்கத்துத் தகடு) அதற்கும் இடையே 3 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும், கையால் சுலபமாகச் சுற்ற வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்ப் உடையும். ஜிஎம்மின் 700ஆர்4 ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் கார்புரேட்டரிலிருந்து வரும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிளை, வேகமாக மிதித்தால் கியரை இறக்கும் வெறும் கிக்டவுன் கேபிள் என்று நினைத்துவிடக் கூடாது. அது உள்ளே ஆயில் அழுத்தத்தையே கட்டுப்படுத்துகிறது, தப்பாக அட்ஜஸ்ட் செய்து ஓட்டினால் கிளட்சுகள் சீக்கிரமே எரியும். முழு ஆக்சிலரேட்டரில் கேபிள் முழுதாக இழுபட வேண்டும், வேறு கார்புரேட்டர் மாட்டியிருந்தால் அதற்கேற்ற பிராக்கெட்டும் வேண்டும். மேனுவலில் கிளட்ச் முழுதாக விடாமல் கியர் கடித்தாலோ, கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் அடிக்கடி போனாலோ, பெல்ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் கூடு) மையத்தை டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், டயல் முள் 0.13 மி.மீ.க்கு மேல் ஓடினால் மையம் தள்ளிய (ஆஃப்செட்) டவல் பின் போட்டுத் திருத்த வேண்டும். இன்னொன்று, என்ஜினிலிருந்து சேசிஸுக்கு எர்த் பட்டை போட மறந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் கேபிள்கள் வழியாகவும் பேரிங்குகள் வழியாகவும் திரும்பப் பார்க்கும். ஷிஃப்டர் கேபிள் காரணமில்லாமல் சூடானால் முதலில் அங்கே பாருங்கள்.

இனி முன்பக்கம். என்னைப் பொறுத்தவரை அதிகப் பொறுமை கேட்கும் இடம் இதுதான். நேர் ஆக்சில் வண்டியில் ஒரு பள்ளத்தில் அடிபட்டதும் சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும் ஆட்டம் வந்தால் உடனே ஸ்டியரிங் டாம்பர் வாங்கிப் போடாதீர்கள், அது நோயை மூடி மறைக்கும். முதலில் டயர் காற்று, பேலன்ஸ், பிறகு கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். அதன் பிறகு டை ராடு முனைகள், பிறகு டோ-இன் (சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கிப் பார்ப்பது) 1.5 முதல் 3 மி.மீ., பிறகு காஸ்டர் (கிங்பின் பின்பக்கம் சாய்ந்திருப்பது) 5 முதல் 7 டிகிரி, இரு பக்கமும் ஒரே மாதிரி. காஸ்டர் குறைந்தால் வண்டி நேராகப் போகாமல் அலையும், ரொம்பக் கூட்டினாலும் படபடப்பு வரும்.

பள்ளத்தில் தானாகத் திரும்புவது வேறு நோய். குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கோடு குறுக்கே போகும் டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) இருந்தால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்குப் பதிலாக ஷேக்கிள்கள் (ஸ்பிரிங் முனையில் தொங்கும் இணைப்புகள்) ஆடி ஆக்சில் பக்கவாட்டில் நகரும். இதற்கு ஆக்சிலைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு வேண்டும், அது டிராக் லிங்குக்கு இணையாகவும் முடிந்தவரை அதே நீளத்திலும், சேசிஸ் முனை ஸ்டியரிங் பாக்ஸ் இருக்கும் அதே பக்கத்திலும் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே வளைவில் மேலும் கீழும் போகும். சரிபார்க்க, ஸ்டியரிங் வீலைக் கட்டிவைத்துவிட்டு முன்பக்கத்தை அமுக்குங்கள். சக்கரம் திரும்பினால் இன்னும் வேலை பாக்கி. அப்புறம் இன்னொரு பொறி: குழாய் ஆக்சிலோடு இரண்டாகப் பிரித்த விஷ்போன் (ஆக்சிலை சேசிஸோடு பிடிக்கும் V வடிவக் கம்பி) போட்டிருந்தால், ஐ-பீம் ஆக்சில் போல அந்தக் குழாய் முறுக்கிக் கொடுக்காது, ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது பிராக்கெட்டில் முழு விசையும் விழுந்து வெல்டு விரியும். பக்கத்துக்கு இரண்டு கம்பியாக நான்கு கம்பி பிடிக்கும் ஃபோர்-பார் அமைப்புதான் அதற்குச் சரி.

மஸ்டாங் 2 வகை முன்பக்கம் (நேர் ஆக்சிலுக்குப் பதில் சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன்) என்றால் கீழ் ஆர்ம் நிற்கும் உயரத்தில் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், ஸ்டியரிங் ரேக்கின் உள் மூட்டுகள் ஆர்ம்களின் உள் மூட்டுகளோடு ஒத்துப்போக வேண்டும். அழகுக்காக இன்னும் தாழ்த்தினால் டோ அலைவது நிற்காது.

பயணம் கட்டாந்தரையில் போவதுபோல் இருந்தால் ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டி ஒரு சுற்று போய் வாருங்கள், எவ்வளவு தூரம் அமுங்கியது, முட்டியதா என்று அது சொல்லிவிடும். நிற்கும்போது ஷாக்கின் மொத்த நகர்வில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாக அமுங்கியிருப்பது நல்லது. காயில்ஓவரை (ஷாக்கைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் உள்ள அமைப்பு) சாய்த்து வைத்தால் வலு போய்விடும்: 30 டிகிரி சாய்வில் ஸ்பிரிங்கின் வலு முக்கால், 45-ல் பாதி. ரப்பர் புஷ்களை ஆக்சில் தொங்கும் நிலையில் முறுக்கியிருந்தால் அவையே வண்டியைத் தூக்கிப் பிடிக்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். தளர்த்திவிட்டு நிற்கும் உயரத்தில் மறுபடி முறுக்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதையும் பழைய அளவையும் நோட்டில் எழுதுங்கள். முறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் போல்ட் வரை ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிட்டு 50, 200, 500 கி.மீ.யில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே நட்டின் கோடு இரண்டாம் தடவையும் விலகியிருந்தால் மறுபடி முறுக்கிவிட்டு எழுந்துவிடாதீர்கள், போல்ட்டைக் கழற்றி அந்த ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டதா என்று பாருங்கள்.