ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் மார்ச் கடைசியில் ஆண் செம்மான்கள் முழங்கத் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில், வேட்டைக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கலாம்?" லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும் கருவி அது. பதில் சொல்வதற்குள் பாதிப் பேர் வாங்கியே விடுகிறார்கள். ஆரம்பத்தில் நாங்கள் எதைப் பார்த்து ஏமாந்தோமோ, அதையேதான் அவர்களும் பார்க்கிறார்கள். லென்ஸைத் துடைக்காதது, கையேட்டைப் படிக்காதது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. நம் நீலகிரி வரையாட்டை யாரும் தொடக் கூடாது. இங்கே நிலைமை வேறு. வௌவாலைத் தவிர, இந்த மண்ணுக்கே உரிய நிலப் பாலூட்டி எதுவும் கிடையாது. 1904இல் மவுன்ட் குக் பக்கம் கொண்டுவந்து விடப்பட்ட இமயமலை வரையாடு, இங்கே சொல்வதுபோல் 'தார்', மலைச்செடிகளை மேய்ந்து தீர்க்கிறது. 1993ஆம் ஆண்டுத் தார் கட்டுப்பாட்டுத் திட்டம் அதன் எண்ணிக்கைக்கு 10,000 என்று வரம்பு வைத்தது. எனவே தார் வேட்டை இங்கே மலையைக் காக்கும் வேலையிலும் சேர்த்தி.

பெட்டியில் உள்ள எண்ணை நம்புவது

2,000 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும் பலகைக்கான தூரம். ரோமம் போர்த்திய விலங்கு அவ்வளவு ஒளியைத் திருப்பாது. நல்ல தயாரிப்பாளர்கள் பலகை, மரம், மான் என்று மூன்று எண்கள் தருவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவது. அது பெரும்பாலும் முதல் எண்ணில் பாதிக்கும் கீழே இருக்கும். உச்சி வெயிலில் இன்னும் குறையும்.

எதை அளந்தது என்று பார்க்காமல் சுடுவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதற்கு விலை கொடுப்பது விலங்கு.

நண்பர் ஒருவர் கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கான கருவியை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்தார். ஓடைப் பள்ளத்துக்கு அப்பால், புல்மேட்டுக்குப் பின்னே ஓர் ஆண் தார் நின்றது. கருவி 410 மீட்டர் காட்டியது. மூன்று முறை அழுத்தினார், மூன்று முறையும் 410. நம்பி, அந்தத் தூரத்துக்கு ஏற்பத் துப்பாக்கி ஸ்கோப்பின் டயலைத் திருப்பிச் சுட்டார். குண்டு முன்னங்காலில் பட்டது. நான் அடுத்த முகட்டிலிருந்து இறங்கி வந்து அவர் படுத்திருந்த இடத்திலிருந்தே அளந்தேன். தார் நின்ற பாறை 465 மீட்டர். நொண்டிக்கொண்டே செங்குத்துப் பாறைக்குள் போன அந்த விலங்கைத் தேடி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

கருவியில் பழுதே இல்லை. அது முன்னால் கொத்தாக வளர்ந்திருந்த டஸ்ஸக் புல்லைத்தான் சரியாக அளந்தது. கோல்ஃப் கருவிகள், பின்னணி மரங்களை ஒதுக்கிவிட்டுக் கொடிக்கம்பத்தைப் பிடிப்பதற்காக, முதலில் திரும்பும் ஒளிக்கு முன்னுரிமை தருபவை. வேட்டையில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு தேவை: புல்லையும் புதரையும் தாண்டி, கடைசியாகத் திரும்பும் ஒளியைக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி இல்லாத கருவியை மலைக்கு வாங்காதீர்கள்.

அந்த 55 மீட்டர் எவ்வளவு பெரியது தெரியுமா? 6.5 கிரீட்மூர் வகைத் தோட்டா போடும் ரைஃபிளில் 410க்கும் 465க்கும் இடையில் குண்டு ஒரு சாணுக்கும் மேலாகவே கூடுதலாக இறங்கும். தாரின் நெஞ்சுக்கூட்டில் நீங்கள் குறிவைக்கும் பகுதியோ ஒரு சாண் அளவுதான்.

அப்புறம், லேசர் ஊசி போலப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். டார்ச் வெளிச்சம் மாதிரி அதுவும் விரியும். விரிவை மில்லிரேடியன் என்ற கோண அளவில் சொல்வார்கள். ஒரு மில்லிரேடியன் விரிவு என்றால் 500 மீட்டரில் அரை மீட்டர் அகலம். மூன்று மில்லிரேடியன் என்றால் ஒன்றரை மீட்டர். அந்த அகலத்துக்குள் தாரும் இருக்கும், புல்லும் இருக்கும், பின்னால் உள்ள சரிவும் இருக்கும். விரிவு எவ்வளவு என்று கடையில் கேளுங்கள். பக்கவாட்டு விரிவும் மேல்கீழ் விரிவும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. மேல்கீழாக நீளும் கதிர்தான் முன்புல்லையும் பின்சரிவையும் சேர்த்து அள்ளும்.

இன்னொன்று: கண்ணில் தெரியும் குறிவட்டமும் கதிர் போகும் இடமும் பொருந்தாமல் இருக்கலாம். வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். வானம் மட்டும் பின்னணியாக இருக்கும் ஒரு கம்பத்தை எடுத்துக்கொண்டு, விடாமல் அளந்துகொண்டே இருக்கும் ஸ்கேன் முறையில் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். எண் தோன்றும் இடத்தையும் மறையும் இடத்தையும் கவனியுங்கள். பிறகு கம்பத்தின் உச்சியில் மேலிருந்து கீழாக. குறிவட்டத்துக்கு வெளியே எண் வந்தால் கருவியை மாற்றிக் கேளுங்கள்.

மலையில், விலங்கை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். அதன் காலடிப் பாறை, முன்னால் உள்ள புல், பின்னால் உள்ள சரிவு மூன்றையும் அளங்கள். விலங்கின் எண் காலடிப் பாறையின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். புல்லின் எண்ணோடு ஒத்துப்போனால், எத்தனை முறை அதே எண் வந்தாலும் சுடக் கூடாது. நண்பரை ஏமாற்றியது அந்த "மூன்று முறையும் 410"தான்.

சரிவுக் கோணத்தை மறப்பது

தார் செங்குத்தில் வாழ்வது. 30 டிகிரி சரிவில் 400 மீட்டர் என்றால், குண்டின் இறக்கத்துக்குக் கணக்கில் வருவது ஏறக்குறைய 346 மீட்டர்தான். கோணத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதி இங்கே கட்டாயம். ஆனால் திரையில் தெரிவது நேர்தூரமா, திருத்திய தூரமா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே திருத்திய எண்ணை, குண்டின் இறக்கத்தைக் கணக்கிடும் செயலியில் மீண்டும் போட்டு இரண்டாம் முறை திருத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யார்டா, மீட்டரா?

500 யார்டு 457 மீட்டர். கருவி எந்த அளவில் காட்டுகிறது என்று முதலில் பாருங்கள்.

கறுப்புத் திரை

கறுப்பு எழுத்துத் திரை பகலில் நன்றாகத்தான் இருக்கும். அந்தி நேரத்தில், கரும்பழுப்பு நிறத் தாரின் மேல் வைத்தால் எண்ணும் தெரியாது, குறிவட்டமும் தெரியாது. விலங்குகள் வெளியே வருவதே அப்போதுதான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சிவப்பு எழுத்துத் திரையை வாங்குங்கள். தூர வரம்பில் 500 மீட்டர் குறைந்தாலும் பரவாயில்லை.

கையில் பிடித்து அளப்பது

முக்காலியில் மாட்டும் திருகுத் துளை இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் முதுகுப்பையின் மேல் சாய்த்தாவது அளங்கள். மலையேறி மூச்சு வாங்கும்போது கை ஆடும் ஆட்டத்தில் கதிர் தாரை விட்டே விலகிவிடும்.

பேட்டரி

குளிரில் சீக்கிரம் இறங்கும். உதிரி ஒன்று உள்சட்டைப் பையில் இருக்கட்டும்.

காற்று

அதை இந்தக் கருவி அளக்காது. 800 மீட்டரில் தாரின் தூரத்தைக் காட்டுகிறது என்பதற்காக 800 மீட்டரில் சுடாதீர்கள். பள்ளத்தாக்கின் நடுவில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், எழுந்து நடந்து பக்கத்தில் போங்கள்.