கோத்தர் இசையைக் காக்கக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

நீலகிரியில் கோத்தர் என்ற பழங்குடியினரின் ஊர்கள் மொத்தம் ஏழுதான். அவர்கள் இசையைப் பதிவு செய்யலாமென்று ரெக்கார்டரோடு மலையேறுகிறவர்கள் கருவியைப் பார்ப்பார்கள். அது எந்த வேளையில் ஒலிக்கிறது என்பதைக் கவனிக்க மாட்டார்கள். மற்ற தவறெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

கொள் என்பது சீவாளி வைத்து ஊதும் குழல். அதில் வாசிக்கும் மெட்டுக்கும் கோத்தர் மொழியில் அதே பெயர். சாமிக்கு தேவ்ர் கொள், சாவுக்கு தாவ் கொள், ஆட்டத்துக்கு ஆட் கொள். இது தெரியாமல் மேடையேற்றி, "உருக்கமா ஒண்ணு வாசிங்க" என்று கேட்டால், கல்யாண வீட்டில் ஒப்பாரி வைக்கச் சொன்ன கதைதான். எதை வெளியில் வாசிக்கலாம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் கேட்டுவிட வேண்டும்.

கொள் வாசிப்பவரை மட்டும் தனியறையில் உட்கார வைத்துப் பதிவு செய்வதும் வீண். மெட்டு எந்த இடத்தில் தாளத்தோடு போய்ச் சேர்கிறது என்பதில்தான் வாசிப்பின் கணக்கே இருக்கிறது. பறையும் தபட்க் என்ற தோல் கருவியும் கூட இருக்கட்டும். பிறகு கணினியில் 'சுருதி சரி செய்கிறேன்' என்று உட்காராதீர்கள். கர்நாடக சுரத்தானத்தில் அது நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

பழைய கருவியை விலை பேசி வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது இன்னொன்று. தபட்கின் தோலை நெருப்பில் காட்டினால்தான் ஒலி எழும், பெட்டிக்குள் நெருப்பேது? கோத்தர் காலங்காலமாக இரும்பும் மரமும் மண்ணும் வேலை செய்தவர்கள். காட்சிக்குத்தான் வேண்டுமென்றால் புதிதாக ஒன்று செய்து தரச் சொல்லி, கூலி கொடுங்கள். பழையது ஊரிலேயே இருந்தால் அவர்கள் தெய்வங்களான அய்யனோர் அம்மனோர் திருவிழாவுக்கு ஆகும்.

எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. பக்கத்து மக்களான தோடர், படகர் சாவுகளுக்குக் கோத்தர் வாசித்த வழக்கம் இருந்தது. தங்களைத் தாழ்த்தும் ஊழியம் என்று 20ஆம் நூற்றாண்டில் அவர்களே அதை விட்டார்கள். அதை 'அழிந்த மரபு' என்று எழுதி, மீட்டெடுக்கத் திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அழியவில்லை ஐயா, வேண்டாமென்று விட்டார்கள். தங்கள் சாமிக்கும் தங்கள் சாவுக்கும் வாசிப்பதை விடவில்லையே.

பதிவின் நகலை ஊரில் கொடுக்காமல் இறங்கிவிடுகிறவர்களும் உண்டு.