காஷ்மீர் என்று ஒரு படம் வந்தால், பகிர்வதற்கு முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைதோறும் பிள்ளைகளுக்குச் செய்தி வாசிக்கக் கற்றுத் தருகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சென்ற மாதம் நான்காம் படிவம் படிக்கும் பையன் ஒருவன் கைப்பேசியை நீட்டி, "டீச்சர், காஷ்மீரில் இன்று காலை நடந்ததாம்" என்றான். முகமெல்லாம் இரத்தமாக ஒரு சிறுமி. அவன் கண் கலங்கியிருந்தது. அதற்குள் ஐந்து புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களுக்கு அனுப்பிவிட்டிருந்தான். அன்று அவனுக்குக் காட்டியதை இங்கே எழுதுகிறேன்.

முகத்தைப் பார்த்தவுடன் நெஞ்சு பதறும். பதறட்டும். ஆனால் கண்ணைச் சற்று விலக்கி அவளுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். படத்தை விரல்களால் விரித்துப் பெரிதாக்குங்கள். கடைப் பலகை தெரிகிறதா? காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் உருதுப் பலகைகள் நிறைய உண்டு. மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியைப் பார்த்துப் பழகிய நமக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கூர்ந்து பாருங்கள்: ஜாவியும் அரபும் பெரும்பாலும் ஒரே கோட்டில் நேராக ஓடும், உருதுச் சொல் வலப்புறம் மேலே தொடங்கி இடப்புறம் சரிந்து இறங்கும். பையன் காட்டிய படத்தில் எழுத்து நேர்கோட்டில் நின்றது. அடுத்து வண்டி எண். காஷ்மீரின் இந்தியப் பகுதி வண்டிகளின் எண் 'ஜே.கே.' என்று தொடங்கும். ஸ்ரீநகர் வண்டி என்றால் அடுத்து 01 வரும். உடையும் பேசும். குளிர்காலத்தில் அங்குள்ளவர்கள் பெரன் என்ற தொளதொளப்பான கம்பளி அங்கி அணிவார்கள். ஆகஸ்டில் எடுத்ததாகச் சொல்லும் படத்தில் தெருவே பெரனில் இருந்தால் நம்பாதீர்கள்.

"அப்படியானால் அங்கே ஒன்றும் நடக்கவில்லையா?" என்று பையன் கேட்டான். நடந்தது. 2016இல் அங்கே போராட்டக் கூட்டங்களின்மீது பாதுகாப்புப் படையினர் சுட்ட தோட்டா ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான சிறு ஈயக் குண்டுகள் இருந்தன. கண்ணிழந்தவர்களில் பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். ஒரு பொய்ப் படம் பிடிபட்டால், உண்மைப் படங்களையும் பொய் என்று தள்ளிவிட அது போதும்.

இனி தேதி. 2019 ஆகஸ்ட் 5ஆம் நாள் இந்திய அரசு, அரசியல் சட்டத்தின் 370ஆம் பிரிவு காஷ்மீருக்குத் தந்த தனித்தகுதியை நீக்கியது. அதற்கு முன்னிரவே இணையம், கைப்பேசி, வீட்டுத் தொலைபேசி எல்லாம் துண்டிக்கப்பட்டன. ஃபரூக் அப்துல்லா, ஓமர் அப்துல்லா, மெஹபூபா முஃப்தி என மூன்று முன்னாள் முதலமைச்சர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். கைப்பேசி அழைப்பு ஓரளவு திரும்பியது அக்டோபரில். அதிவேக 4ஜி இணையம் 2021 பிப்ரவரியில். 120 நாள் பயன்படுத்தாததால் காஷ்மீரிகள் பலரின் புலனக் கணக்குகள் 2019 டிசம்பரில் தாமாகவே மறைந்துபோயின. ஆகவே அந்த ஆகஸ்டில் சாதாரணக் குடும்பம் ஒன்று புலனத்தில் அனுப்பியதாக வரும் காணொளியைச் சந்தேகியுங்கள். ஓர் ஊரிலிருந்து ஒரு குரலும் வராத நாள்களைக் குறித்து வையுங்கள். அந்த அமைதியும் செய்திதான்.

'கைது' என்று மட்டும் போட்டிருந்தால் எந்தச் சட்டத்தின்கீழ் என்று தேடுங்கள். 1978ஆம் ஆண்டின் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையின்றி ஒருவரை இரண்டு ஆண்டு வரை வைக்கலாம். 1990இல் வந்த ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின்படி, இராணுவத்தினர்மீது வழக்குத் தொடர மத்திய அரசின் அனுமதி வேண்டும். இந்த ஊரில் இது யாருக்கும் புரியாத விஷயம் அல்ல. 1948 ஜூன் 16 அன்று இதே சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட பின் வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. என் பாட்டி விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது வேலி வாசலில் தூக்குவாளியைத் திறந்து காட்ட வேண்டும். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சோறு போகிறதா என்று காவலர் கரண்டியால் கிளறிப் பார்ப்பாராம். பிறகு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் இரண்டிரண்டு ஆண்டாகத்தான் ஆளை உள்ளே வைத்தது. 2012 வரை இருந்தது.

ஒரு பக்கத்துத் துயரத்தை மட்டும் சேகரிக்காதீர்கள். 1990இல் உயிருக்கு அஞ்சி வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளத்தாக்கை விட்டுப் போன காஷ்மீர் இந்துக்களான பண்டிட் குடும்பங்களும், 2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமில் சுட்டுக் கொல்லப்பட்ட 26 பேரும் இதே கதைக்குள் இருக்கிறார்கள். எல்லைக் கோட்டுக்கு அப்பால் பாகிஸ்தான் பகுதியிலும் 2024 மே மாதம் மாவு விலைக்கும் மின்கட்டணத்துக்கும் எதிராக மக்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

தவறாக அனுப்பிவிட்டால் அழித்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். எந்தக் குழுவுக்குப் போனதோ அதே குழுவில் எழுதுங்கள். பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து குழுவிலும் தட்டியது இதுதான்: "காலையில் நான் அனுப்பிய படம் காஷ்மீரில் எடுத்தது இல்லை. பார்க்காமல் அனுப்பிவிட்டேன். யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்."