மன்னார்குடியிலிருந்து கப்பல் சுற்றுலா: குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்களுக்கு

போன மே மாதம் நாங்கள் ஆறு பேர் சிங்கப்பூரில் கப்பல் ஏறி, மலேசியாவின் பினாங்கு போய், மூன்று இரவு கழித்து சிங்கப்பூரிலேயே இறங்கினோம். மாமா, அத்தை, நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர். கிளம்புவதற்கு முன்பு நான் பட்ட அலைச்சல் அடுத்தவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். விமான டிக்கெட் எடுப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில்: எந்தக் கடல்

வயதானவர்களோடு முதல்முறை போவதாக இருந்தால் சிங்கப்பூர்–பினாங்கு வழிதான் என் தேர்வு. மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலம் சூழ்ந்தது, பெரிய அலை குறைவு. மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தமான் கடல் ஆடும், அதனால் தாய்லாந்தின் புக்கெட் போகும் கப்பலை வேண்டாம் என்றேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம், நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆனால் கப்பல் கிளம்பும் நாளிலேயே போய் இறங்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. முதல் நாளே போய் ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

பாஸ்போர்ட்: இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்

இன்றைக்கே ஆறு பாஸ்போர்ட்டையும் மேஜையில் பரப்பி வையுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பத்து வருடம் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டோம், பிள்ளைகளுக்கு ஐந்து வருடம்தான். சின்னவனுடையது நான்கு மாதத்தில் முடிவதாக இருந்தது. பிள்ளைகளுக்குப் புதிதாக எடுக்க, அப்பா, அம்மா இருவரும் அனெக்சர் டி என்ற ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். டெல்டா மாவட்டங்களுக்கு மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் திருச்சி.

அடுத்தது பெயர். நம் ஊரில் எல்லோருக்கும் இனிஷியல்தான். பாஸ்போர்ட்டிலோ சர்நேம், கிவன் நேம் என்று இரண்டு கட்டம். என் கணவருக்கு மாமாவின் பெயர் சர்நேமாக இருக்கிறது. எனக்கு என் அப்பா பெயர். பிள்ளைகளுக்கு என் கணவர் பெயர். அத்தைக்கு அந்தக் கட்டமே காலி. ஒரே வீட்டில் இத்தனை விதம்! பதிவு செய்து தந்தவர் ரேஷன் அட்டையில் இருப்பதுபோல அத்தை பெயரோடு இனிஷியலைச் சேர்த்துவிட்டார். கப்பல் சீட்டில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர். திருத்தி வாங்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அத்தை, "நான் வீட்டிலேயே இருந்துக்கிறேன்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்கவே கஷ்டமாக இருந்தது.

செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் கடைசியாக இரண்டு வரி இருக்கும், இடையிடையே அம்புக்குறி மாதிரி. அதில் உள்ள எழுத்துகளைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். விமானம், விசா, கப்பல் மூன்றுக்கும் அந்தத் தாளையே கொடுங்கள். சர்நேம் காலியாக இருப்பவருக்கு அந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். சிலர் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்வார்கள், சிலர் வேறு மாதிரி. அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கப்பலுக்கு இணையத்தில் நாமே பதிவு செய்வதைவிட, நேரில் போய் உட்கார்ந்து பேசக்கூடிய முகவர்தான் நல்லது என்பது என் கருத்து. ஆனால் திரையில் அவர் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

விசா

சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறோம்: விமானத்தில் ஒருமுறை, கப்பலில் திரும்பும்போது ஒருமுறை. அதனால் விசா பலமுறை நுழையக்கூடியதா என்று பாருங்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களிடம் விசா கேட்பதில்லை. இது சலுகைதான், ஆகவே கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி

ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதுவும் கப்பலில் விட மாட்டார்கள். சைவச் சாப்பாடு வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் அங்கே கிடைக்கும். பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டு போனோம். குருமாப் பொடி அரைத்தால் கசகசா சேர்க்காதீர்கள், சிங்கப்பூரில் அது தடை. மெல்லும் புகையிலையும் தடைதான். வெற்றிலை போடும் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே பொறுமையாகச் சொல்லிவிடுங்கள்.

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். மாமாவின் சர்க்கரை மாத்திரை, பாஸ்போர்ட், பிள்ளைகளுக்கு ஒரு மாற்று உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். மருந்துச் சீட்டும் கூடவே. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து மாதிரியானவற்றுக்கு சிங்கப்பூரில் முன் அனுமதி வேண்டும். காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணமும் அடங்குமா என்று கேளுங்கள். கப்பல் மருத்துவருக்குத் தனிக் கட்டணம், அதுவும் அதிகம்.

ஏறிய பிறகு

முதல் வேலை, கைபேசியை ஏரோபிளேன் மோடில் போடுவது. கரையைத் தாண்டினால் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், பில் எகிறிவிடும். அப்புறம் பாதுகாப்புப் பயிற்சி, எல்லோருக்கும் கட்டாயம். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி என்ற அபாய அறிவிப்பு கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். தலைசுற்றலுக்கு மருத்துவரிடம் கேட்டு வாங்கிய மாத்திரையைக் கப்பல் நகரும் முன்பே போட வேண்டும். அறையையும் பதிவு செய்யும்போதே நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கே ஆட்டம் குறைவு.

பின்சேர்க்கை

பின்னூட்டத்தில் ஒரு திருவாரூர்க்காரர், திரும்பி வரும்போது சிங்கப்பூரில் நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். இணையத்தில் நிரப்பும் சிங்கப்பூர் வருகை அட்டையை ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும், வந்து சேரும் நாளோடு முடியும் மூன்று நாளுக்குள். விமானத்துக்கு நிரப்பியது கப்பலுக்குச் செல்லாது. அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு, அரசின் குடிநுழைவுத் துறைத் தளத்துக்குப் போங்கள்.

இன்னொருவர் மருமகளைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தார், ஆறாம் மாதமாம். பெரும்பாலான கப்பல்களில் 24 வாரத்தை எட்டிய கர்ப்பிணிகளை ஏற்றுவதில்லை. பயணம் முடியும் நாளில் எத்தனை வாரம் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுவதாக இருந்தால் குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆன பிறகு எல்லோருமாகப் போய் வாருங்கள்.