ஜோடியாகக் குட்டி வாங்கித் தோட்டத்தில் விடுபவர்கள் செய்யும் தவறுகள்

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்கள், பாகூர், வில்லியனூர் பக்கம் தோட்டத்தோடு வீடு கட்டியவர்கள், இவர்கள் எல்லாம் காவலுக்கு நாய் தேடும்போது ஒன்றோடு நிற்பதில்லை. “ஒண்ணுக்கு ஒண்ணு துணையா கெடக்கும்” என்று ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளாகவே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று நம் ஊர் இனங்களைத் தேடிப் பிடிப்பவர்கள் இப்போது நிறைய. அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் ‘துணை’ என்று நினைத்து இரண்டையும் ஒரே கொட்டகையில் விட்டுவிடுகிறார்களே, பாதிக் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைதான் அதற்கு உலகம் பழகும் காலம். யார் தன் ஆள், எது பயப்பட வேண்டியது, எது வேண்டாதது என்று அப்போது மனதில் பதிவதுதான் பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். எட்டு வாரத்தில் குட்டி நம் கைக்கு வருகிறது என்றால் மிச்சம் இருப்பது கொஞ்ச நாள்தான். அந்த நாட்களில் இரண்டும் ஒன்றாகத் தின்று, ஒன்றாகத் தூங்கி, ஒன்றையொன்று கடித்து விளையாடிக்கொண்டே இருந்தால், அதற்கு நாம் தேவையே இல்லை. சோறு போடுகிற ஆள், அவ்வளவுதான். கூப்பிட்டால் முதலில் கூடப்பிறந்ததைத் திரும்பிப் பார்க்கும், அது நகர்ந்தால்தான் இதுவும் நகரும். சின்னக் குட்டியாக இருக்கும்போது இதைப் பார்க்க அழகாக இருக்கும். ஒரு வயதில், இருபது கிலோவைத் தாண்டிய இரண்டு நாய்கள் வேலி தாண்டி அடுத்த வீட்டு ஆட்டை விரட்டும்போது, ஒன்றும் நம் குரலுக்கு நிற்காது. ஒன்றை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் வண்டியில் நடுங்கிச் சிறுநீர் விட்டுவிடும். வீட்டில் விட்டு வந்தது தண்ணீர்கூடக் குடிக்காது.

அதனால் இரண்டு குட்டி வாங்கினால் இரண்டு தனி நாயாகவே வளர்க்க வேண்டும். தூங்குகிற இடம் தனி, தட்டு தனி, பழக்குகிற நேரம் தனி. இரண்டு கூண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் அளவு இடம் விடுங்கள். காலையில் ஒன்றைத் தோப்பைச் சுற்றிக் கூட்டிப் போங்கள், மாலையில் இன்னொன்றை. வீட்டில் விட்டுப் போன குட்டி முதல் வாரம் ஊளையிடும். கடிக்க ஒரு ரப்பர் பொம்மையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், திரும்பி வந்து சமாதானம் செய்யக் கூடாது. முதலில் ஐந்து நிமிஷத்தில் திரும்பி, பிறகு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பழகிவிடும். சேர்ந்து விளையாடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்க இல்லை.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். ராஜா, ரோஜா என்று ஒரே மாதிரி வைத்துவிட்டால் எதைக் கூப்பிட்டாலும் இரண்டும் வரும், அல்லது இரண்டுமே வராது.

தனித்தனியாகப் பழக்குவதற்கு இன்னொரு முக்கியமான காரணம் உண்டு. வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒற்றைக் குட்டியாக இருந்தால் சில நாளில் தெரிந்துவிடும். ஜோடியில் தெரியாது. காது கேட்கிற குட்டி ஓடுவதைப் பார்த்து மற்றதும் ஓடிவரும், தட்டுச் சத்தத்துக்கு எழுந்ததைப் பார்த்து இதுவும் எழும். மாதக்கணக்கில் நம்மை ஏமாற்றிவிடும். வாங்குவதற்கு முன்பே ஒவ்வொரு குட்டியையும் தனியாகப் பிரித்து, அது வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னால் நின்று ஒரு சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது மடல் அசைகிறதா, தலை திரும்புகிறதா என்று பாருங்கள். கையைத் தட்டினால் காற்று அதன்மேல் பட்டுத் திரும்பலாம், அதனால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

எந்த ஜோடி என்பதையும் யோசிக்காமல் வாங்குகிறார்கள். ஆணும் பெண்ணும் என்றால் பெண் குட்டி ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். கூடப்பிறந்தது என்று நாய் பார்க்காது. அதற்கு முன்பே கருத்தடைக்கு மருத்துவரிடம் பேசி வையுங்கள். இரண்டும் பெண் என்றால், வளர்ந்தபின் சண்டை வந்தால் சுலபத்தில் தீராது. என்னைக் கேட்டால், முதலில் ஒன்றை வாங்கி, அது ஒன்றரை வயதாகி நம் சொல் கேட்க ஆரம்பித்தபின் இரண்டாவதை வாங்குவதுதான் மேல். பெரியதைப் பார்த்துச் சின்னது காவலும் கற்றுக்கொள்ளும்.

சரி, கொட்டகைக்கு வருவோம். ‘வெளியில் வளர்க்கிறோம்’ என்றால் கொல்லைக்கோடியில் தகர ஷீட் போட்டுக் கட்டி வைப்பது என்று ஆகிவிட்டது. கடலூர், புதுச்சேரி வெயில் மதுரை வெயில் மாதிரி காய்ந்த வெயில் இல்லை, புழுக்கம். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரம் அதிகமானால் அந்த மூச்சு வாங்கலும் முழுசாகப் பலன் தராது. கத்திரி வெயிலில் தகரத்துக்கு அடியில் கட்டிக் கிடக்கும் குட்டி ஒரு மதியத்திலேயே போய்விடக்கூடும். கூரைக்குக் கீற்றுதான் சிறந்தது. ஷீட் போட்டே ஆக வேண்டும் என்றால் அதன்மேல் கீற்றைப் பரப்புங்கள், வேப்பமர நிழலில் வையுங்கள்.

வாசல் எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழையும் காற்றும் வடகிழக்கிலிருந்து அடிக்கும். வடக்கும் கிழக்கும் பார்த்து வாசல் வைத்தால் சாரல் நேராகப் படுக்கைக்கு வரும். தெற்கு பார்த்து வைத்தால் மழை முதுகில் போகும், கோடையில் மதியத்துக்கு மேல் வரும் கடற்காற்றும் ஓரளவு உள்ளே வரும். தரை ஒன்றரை அடியாவது உயரமாக இருக்கட்டும். வெறும் சிமெண்டில் படுத்தால் ஈரம் ஏறித் தோல் நோய் வரும், ஒரு பலகையாவது வேண்டும்.

சங்கிலியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். குட்டியை நாள் முழுக்கக் கட்டிப் போட்டால் வீரம் வராது, பயம்தான் வரும். பயந்த நாய்தான் பால்காரரையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கடிக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டைக் கட்டினால் சங்கிலி சுற்றிக்கொண்டு கழுத்து இறுகும். வேலி போட்ட இடத்தில் அவிழ்த்து விடுங்கள். மழைக்காலத்தில் இது உயிர்ப் பிரச்சினை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது இந்தக் கரையில் மரமும் கூரையும் என்ன ஆயின என்று எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்தடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூர், பாகூர் பக்கம் ஊருக்குள் ஏறியது. புயல் எச்சரிக்கை வந்தால் நாயை வீட்டுத் திண்ணைக்கோ உள்ளேயோ கொண்டுவாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அவிழ்த்தாவது விடுங்கள். கட்டிய நாய்க்கு நீந்தத் தெரிந்து பயனில்லை.

இனி நோய். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, அப்புறம் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம் வரை போட வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சல் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். போன வருஷம் ஒரு குட்டி இரத்தக் கழிச்சலில் செத்த இடத்தில் புதுக்குட்டிகளை இறக்காதீர்கள். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, தவறவே கூடாது. எலிக்காய்ச்சலையும் தடுக்கும் ஊசியாகக் கேட்டு வாங்குங்கள். மழைநீர் தேங்கும் நம் ஊரில் எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரை நாய் குடிக்கும், அந்த நோய் நமக்கும் தொற்றும்.

தனித்தட்டு வைத்தவர்களுக்கு இங்கேதான் பலன். ஒரே தட்டில் போட்டால் எது சாப்பிடவில்லை, எது கழிகிறது என்று தெரியாமலே ஒரு நாள் போய்விடும். பார்வோவில் ஒரு நாள் பெரிய தாமதம்.

உண்ணி நாய்மேல் இருப்பதைவிடச் சுவர் இடுக்கிலும் கீற்றிலும்தான் அதிகம். வாரம் ஒருமுறை காது மடலைத் திருப்பிப் பாருங்கள், கால் விரல் இடுக்கை விரித்துப் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ மூக்கில் இரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய்மேல் தெளிப்பது மகா தவறு, குட்டி நக்கியே செத்துவிடும். எடை பார்த்து மருத்துவர் தரும் மருந்துதான் சரி. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தீனியில் பாலும் சோறும் மட்டும் போட்டுவிட்டு, எலும்பு பலப்பட வேண்டும் என்று கால்சியம் டானிக் ஊற்றுகிறார்கள். பெரிதாக வளரும் இனக் குட்டிகளுக்கு அளவுக்கு மேல் கால்சியம் போனால் எலும்பு கோணும். முட்டை, வேகவைத்த கறி, கேழ்வரகு என்று சேர்த்துப் போடுங்கள். வெந்த கோழி எலும்பு வேண்டாம். கடற்கரை ஓரம் இருப்பவர்கள், வலையிலிருந்து ஒதுக்கிப் போடும் பேத்தை மீனை நாய் எடுக்காமல் பாருங்கள், அது கொல்லும் விஷம். தோப்புக்காரர்கள் உடைக்காத முந்திரிக்கொட்டையைக் குட்டி கடிக்க விடாதீர்கள், ஓட்டு எண்ணெய் வாயைப் புண்ணாக்கிவிடும்.

வெளி ஆட்களைக் காட்டினால் காவல் கெட்டுவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கெடாது. ஊசி முடியும்வரை மடியில் வைத்து ஸ்கூட்டரிலாவது கடைத்தெருவுக்குக் கொண்டு போங்கள், ஒருநாள் ஒன்றை, மறுநாள் மற்றதை. எது வழக்கமான சத்தம் என்று தெரிந்த நாய்தான் வழக்கமில்லாத சத்தத்துக்குக் குரைக்கும்.

ஏற்கெனவே ஆறு, ஏழு மாதம் ஆகி, இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறதா? ஒரேயடியாகப் பிரிக்காதீர்கள். முதலில் ஒரே இடத்தில் இரண்டு மூலையில் தட்டை வையுங்கள். பிறகு நடுவே ஒரு வேலி. அப்புறம் ஒன்றை மட்டும் கயிற்றில் பிடித்துப் பத்து நிமிஷம், மற்றது கண்ணில் படும் தூரத்திலேயே. கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போக ஒரு மாதம்கூட ஆகலாம். அந்தப் பத்து நிமிஷத்தில் நம் முகத்தை அது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாலும், உடனே ஒரு துண்டுக் கறியைக் கொடுங்கள்.